விருந்தாளிக்கு ஒளித்தவர்

பொத்துவில்
2025.02.13, வியாழன், காலை பத்து மணி

அன்பின் ஸம்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். சபியா ராத்தாவும் சுகமாகத்தான் இருக்கிறார். அவருக்கு நெஞ்சு வலி என்று ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு உன்னிடம் சொன்னது பொய். நான் வந்து இறங்கியபோது அவர் படலையடியில் நின்று மீன்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். "என்னடா தம்பி, கந்தோருக்கு வேலைக்குப் போகாம இந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவருக்கும் ஒரு பொய் சொன்னேன்.

இதை ராத்தாவின் மருமகன் மசூரிடம் கொடுக்கிறேன். அவன் ஓட்டும் பஸ் பகல் ளுஹருக்குள் கல்முனைக்கு வந்துவிடும். என் ஃபோனை நிறுத்தி வைத்திருக்கிறேன். திறந்தால் மிலான் கூப்பிடுவார். ராத்தாவின் ஃபோனில் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஸம்றா, நாம் எதிர்பார்த்திருந்த வெளிநாட்டு விருந்தாளி மிலான் இன்று பின்னேரம் அஸருக்கு முன் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்குவார். அவரோடு என்னால் கதைக்க முடியாது. உலகத்துக்கே பொதுவாக உண்டாக்கிய மொழி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அந்த எஸ்பெராந்தோ எனக்குத் தெரியாது.

ஆறு மாதம் படித்தது உண்மை. சோற்றுக்கு முன்னால் இருந்தும் சொல் பாடமாக்கினேன், நீ பார்த்தாய். பிறகு, தமிழில் எழுதினால் ஃபோனே அந்த மொழிக்கு மாற்றித் தரும் என்று கண்டுபிடித்தேன். அன்றோடு படிப்பு நின்றது. இரண்டு வருடமாக மிலானுக்குப் போன கடிதமெல்லாம் ஃபோன் எழுதியது. அவர் குரலில் கதைக்கக் கூப்பிட்டபோதெல்லாம் எங்கள் பக்கம் சிக்னல் சரியில்லை என்று எழுதினேன்.

இன்னும் இருக்கிறது. இந்த மொழிக்காரர் ஊர் ஊராகப் போனால் ஒருவர் வீட்டில் ஒருவர் காசில்லாமல் தங்கலாம். அதற்கு ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. அதில் நம் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். உன் வாப்பா உனக்குத் தந்த வீடு, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பெயருக்கு நேரே "நன்றாகப் பேசுவார்" என்று நானே போட்டேன். கல்முனையில் நான் தொடங்கிய சங்கத்தில் இருபத்திரண்டு பேர் படிக்கிறார்கள் என்றும் அவருக்கு எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு ஆளும் இல்லை.

எனக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று சொல். ஒரு நேரச் சாப்பாடு கொடுத்து எங்கேயாவது ஹோட்டலுக்கு அனுப்பிவிடு. இதை எழுதும்போதே கை கூசுகிறது.

உன் நளீம்

*

கல்முனைக்குடி
2025.02.14, வெள்ளி, காலை

மின்ஹாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

மசூர் கேற்றடியில் நின்று, "என்ன மாமி, ஃபோன் இரிக்கிற காலத்தில கடிதம்? புதுசாக் கலியாணம் முடிச்ச மாதிரி!" என்று சிரித்தான். தன் ஃபோனில் ராத்தாவின் நம்பரை எடுத்து நீட்டி, மாமாவோடு கதையுங்கள் என்றான். நான் வாங்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் ஆறிவிடும். இந்தத் தடவை ஆறக் கூடாது.

உங்கள் மிலான் வந்துவிட்டார். அறுபத்தெட்டு வயது, நெட்டை மனிதர், ஸ்லோவாக்கியாவில் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். நீங்கள் சொல்லித் தந்த பொய்யை நான் சொன்னேன். பிறகு என்ன? புருஷன் இல்லாத வீட்டில் அந்நிய ஆண் ஒருவரை வைத்துக்கொண்டு நானும் குமர்ப்பிள்ளையும் இருக்கலாமா? ஹோட்டலுக்கு அனுப்பவும் மனம் கேட்கவில்லை, அறைக்குப் பெயின்ற் அடித்து வரச் சொன்னது நாம்தானே. மின்ஹாவைக் கூட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டேன். துணைக்கு, கூடப்பிறந்த கடனுக்கு, ஸமட் காக்கா அவரோடு நம் வீட்டில் படுக்கிறார்.

காக்கா சும்மா இருப்பாரா? "என்ன புள்ள, மூணு வருசமா இந்தப் பாஷையப் பத்தி ஊரெல்லாம் கதைச்ச மனுசன், ஆள் வாற நாள் பாத்து ஆஸ்பத்திரியில படுத்திட்டாரா?" என்றார். கலியாண வீட்டில் சோற்றுச் சஹனைச் சுற்றி இருந்து சாப்பிட்டவர்களையும் நீங்கள் விட்டுவைக்கவில்லையே. பதினாறே இலக்கண விதி, ஒரு விதிக்கும் விலக்கில்லை, ஆறு மாதத்தில் கதைக்கலாம், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதபடியால் எல்லாருக்கும் சொந்தம் என்று. எனக்கே மனப்பாடம்.

இன்றைக்குக் காலையில் அவர் பையைத் திறந்து மேசையில் அந்த மொழி படிக்கும் சின்னச் சின்னப் புத்தகங்களை அடுக்கினார். மின்ஹா எண்ணினாள். இருபத்திரண்டு. முதல் பக்கத்தில் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறது. பெயர்களைச் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்று பேனையோடு இருக்கிறார். எல்லாரும் அறுவடைக்குப் போய்விட்டார்கள் என்றேன். இருபத்திரண்டு பேரும் வயலுக்கு!

அவர் என்னோடு கதைப்பதும் ஃபோனில்தான். அவர் தன் மொழியில் சொல்ல, அது டீவியில் செய்தி வாசிப்பவரைப் போலத் தமிழில் சொல்கிறது. இப்போது ஒரு பை தோடம்பழம் வாங்கி வந்து, சப்பாத்தையும் போட்டுக்கொண்டு முற்றத்தில் நிற்கிறார், உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமாம். பின்னேரம்தான் விடுவார்கள் என்று இருத்தியிருக்கிறேன். நான் என்ன செய்ய?

ஸம்றா

*

பொத்துவில்
2025.02.14, வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பின் ஸம்றாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீ உன் வீட்டை விட்டுப் போய்ப் படுத்தாய் என்ற இடத்தில் மடித்து வைத்துவிட்டேன். ஜும்ஆவில் கடைசி ஸஃப் வரிசையில் நின்று, ஸலாம் கொடுத்ததும் யாரையும் பாராமல் வந்துவிட்டேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன் கந்தோரால் என்னைக் கண்டிக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்களே. முதல் நாள் ஒவ்வொருவராக எழும்பி ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்தது. எழும்பினேன். பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். நடத்தியவர், "பரவாயில்லை, உட்காருங்கள்" என்று இரக்கப்பட்டார். சிரிப்பைவிட அந்த இரக்கம்தான் இன்றும் சுடுகிறது. விவசாயக் கந்தோரில் இருபது வருடம் கமக்காரரின் விண்ணப்பங்களைப் பிழையில்லாமல் நிரப்பிய எழுதுவினைஞன் நான்.

அதற்குப் பிறகுதான் இந்த மொழியைப் பற்றி வாசித்தேன். ஆங்கிலம் என்றால், அதைப் பிறவியிலேயே பேசுகிறவன் மேலே இருப்பான், நான் எவ்வளவு ஏறினாலும் கீழேதான். இதில் எல்லாருமே படித்து வந்தவர்கள். ஜப்பான்காரனும் பிரான்ஸ்காரனும் நானும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது. நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நன்மைகளில் எனக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான்.

வெட்கப்படத் தேவையில்லாத மொழி என்று தேடிப் போனேன். அதிலும் களவு செய்து, ஒரு கிழவருக்குப் பயந்து ராத்தா வீட்டு அறைக்குள் இருக்கிறேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஸம்றா, இன்னும் ஒரு நாள் சமாளி. எனக்குக் கொப்பளிப்பான் என்று சொல். தொற்றும் என்று தெரிந்தால் பார்க்க வரமாட்டார்.

நளீம்

*

கல்முனைக்குடி
2025.02.15, சனி, காலை

மின்ஹாவின் வாப்பாவுக்கு,

நேற்றுப் பின்னேரம் கொப்பளிப்பான் என்று சொன்னேன். அவருக்கு ஏழு வயதில் வந்து போய்விட்டதாம். ஒரு தரம் வந்தால் மறுபடி வராதாம். ஆனபடியால் தான் பயமில்லாமல் பக்கத்திலேயே இருந்து உங்களைப் பார்த்துக்கொள்ளலாமாம்.

அதோடு எனக்குப் பொய் முடிந்துவிட்டது. அந்த மனிதர் தோடம்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார். நான் ஃபோனுக்குள் உண்மையைச் சொல்லிவிட்டேன். நோய் இல்லை, உங்கள் மொழி அவருக்குத் தெரியாது, வெட்கத்தில் ஒளித்திருக்கிறார், சங்கமும் இல்லை என்று. ஃபோன் அதை அவர் மொழியில் சொல்லி முடியும் வரை என்னால் தலை நிமிர முடியவில்லை.

அவர் ஒரு பழத்தை உரித்து மின்ஹாவிடம் கொடுத்தார். பிறகு எழும்பிக் கடற்கரைப் பக்கம் நடந்து போனார். பொழுது பட்டு, மஃரிபுக்குத்தான் திரும்பி வந்தார். காக்கா சாப்பிடக் கூப்பிட்டும் சாப்பிடவில்லை. மேசையில் இருந்த புத்தகங்களைத் திரும்பப் பைக்குள் வைத்ததை மின்ஹா கண்டாளாம்.

ஸம்றா

*

பொத்துவில்
2025.02.15, சனி, பின்னேரம்

ஸம்றாவுக்கு,

அவர் கோபமாக இருக்கிறாரா? என்னைப் பற்றி ஏதும் கேட்டாரா? ஸமட் மச்சானுக்குத் தெரிந்துவிட்டதா?

நான் வரலாம் என்று பையைக் கட்டினேன். மசூரின் பஸ் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அந்த மனிதரின் முகத்தில் முழிக்க என்னால் முடியாது. அவர் போன பிறகு சொல்லி அனுப்பு, வருகிறேன். அதுவரை என்னை விட்டுவிடு. என்னைக் கட்டியதற்காக நீ இப்படி முகம் சிறுக்க வேண்டி வந்ததே என்று நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

நளீம்

*

கல்முனைக்குடி
2025.02.16, ஞாயிறு, காலை ஏழு மணி

மின்ஹாவின் வாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் தந்தவர் யார் என்று பார்த்திருப்பீர்கள். ஓடாதீர்கள். முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள். அறுபத்தெட்டு வயதில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார். ராத்தாவிடம் தேத்தண்ணி ஊற்றச் சொல்லிவிட்டு, அவருக்கு முன்னாலேயே இருந்து மிச்சத்தை வாசியுங்கள்.

நேற்றுப் பின்னேரம், காக்கா கடைக்குப் போன நேரம், அவர் என்னையும் மின்ஹாவையும் கூப்பிட்டு முற்றத்தில் இருத்தினார். ஒரு படம் காட்டினார். அவருடைய மனைவி எலேனா, பல்கேரியாக்காரி. கண்ட நாளில் இவர் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி இவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் இந்த எஸ்பெராந்தோதான் தெரியுமாம். நாற்பது வருடம் அந்த மொழியிலேயே சமைத்து, பிள்ளை வளர்த்து, சண்டை பிடித்திருக்கிறார்கள். மனைவி மௌத்தாகி மூன்று வருடம். "மூன்று ஆண்டுகளாக என் வீட்டில் அந்த மொழியில் என்னை யாரும் திட்டவில்லை" என்று ஃபோன் செய்தி வாசிப்பதைப் போலச் சொன்னது. அந்தக் குரலுக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஃபோன்தான் எல்லாவற்றையும் சொல்கிறதே, பிறகு எதற்கு ஒரு மொழியைப் பாடமாக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எடுத்துச் சொன்னார்: "மூன்று நாட்களாக நீங்களும் நானும் இந்தக் கருவியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்." சரிதானே? அவருடைய கண் என்ன நிறம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். நீங்கள் களவு செய்தது அவருக்கு முன்னமே தெரியும். உங்கள் முதல் பதினொரு கடிதங்களை அச்செடுத்துக் கொண்டு வந்திருக்கிறார். அதெல்லாம் ஒரே பிழையாம். ஓரிடத்தில் ஏதோ ஒரு சொல்லை மாற்றி எழுதி, எருமை முட்டை போடுவது போல வந்துவிட்டதாம். மனைவி போன பிறகு அதை வாசித்துத்தான் முதன்முதலாகச் சிரித்தாராம். பன்னிரண்டாவது கடிதத்திலிருந்து ஒரு பிழையும் இல்லை. "பிழையில்லாமல் எழுத நாற்பது ஆண்டுகளில் எனக்கே முடியவில்லை. அன்றே புரிந்துகொண்டேன். ஆனாலும் அந்தப் பதினொரு கடிதங்களை எழுதியவர் இந்த வீட்டில்தான் இருப்பார் என்று நினைத்து வந்தேன்" என்றார்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இருபத்திரண்டு பேரை அவர் நம்பியிருக்கிறார். அதில்தான் அவருக்கு நொந்தது. தன் ஊர்ச் சங்கத்தில் ஆளுக்கொன்றாகச் சேர்த்த புத்தகங்களாம். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கும் ஒரு வெட்கம் இருக்கிறது. நீங்கள் படித்த அந்த ஆறு மாதமும் நான் காக்காவோடு சேர்ந்து சிரித்தேன். நீங்கள் சொல்லைப் பாடமாக்க, நான் அதைக் கோணலாக்கித் திருப்பிச் சொன்னேன். கண்டியில் நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசை, ஆனால் நிச்சயமில்லை. அதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். என் வாயால் பொய் சொல்ல வைத்துவிட்டு நீங்கள் போனதற்கு நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது நீங்கள் வந்த பிறகு பார்க்க வேண்டிய விஷயம்.

காக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்று மஃரிபுக்கு முன் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வாருங்கள். காக்கா வீட்டில்தான் இருப்பார். விருந்தாளியை வைத்துக்கொண்டே அவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் சிரிப்பார். சிரிக்கட்டும். நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன். தனியாக வருவதாக இருந்தால் வர வேண்டாம். வீடு என்னுடையது.

அவருடைய ஃபோன் என் அலுமாரிக்குள் இருக்கிறது. அவராகவே தந்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். உங்களுடையதைத் திறக்காதீர்கள். வாயில் வருவதைப் பிழையோடு சொல்லுங்கள்.

அவர் இவ்வளவு நேரமும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கடிதத்தை வைத்துவிட்டுக் கதையுங்கள்.

ஸம்றா