தப்பான கணக்குக்கு ஒரு கோடு

சமபுலா, சுவா, பிஜி
4-8-1956

அன்புத் தங்கை சல்மாவுக்கு, லாத்தா ஹமீதாவின் ஸலாம்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் மகள் கல்யாணத்தில் பிரியாணியும் நன்றாக இருந்தது, பெண்ணும் நன்றாக இருந்தாள். நான்தான் நன்றாக இல்லை. மருதாணி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவே, "எங்க லாத்தா கணக்குல மில்லு கிளார்க்கையே தோக்கடிச்சிடுவாங்க, கேளுங்க பாப்போம்" என்று என்னை இழுத்து நிறுத்தினாய். பதினெட்டை ஏழால் பெருக்கச் சொன்னார்கள். எனக்கு வாயே திறக்கவில்லை. "லாத்தாவுக்கு வயசாயிடுச்சு" என்றாய், எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம் தாங்காமல் மருதாணி காயும் முன்பே கையைக் கழுவிவிட்டேன்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு தலையில் எண்கள் நிற்பதில்லை. கடிதத்துக்கு ஒரு மனக்கணக்கு அனுப்பு என்று நான் உன்னிடம் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. மூளை துருப்பிடிக்காமல் இருக்கத்தான். தப்பு என்றால் சிவப்புப் பென்சிலால் கோடு. அந்தச் சட்டத்தை மறக்காதே.

போன கணக்கு: ஓர் எண்ணோடு ஒன்பது கூட்டி, இரட்டித்தால் ஐம்பது. விடை நாற்பத்தொன்று.

ஹமீதா


பினாங்கு சர்க்கரை ஆலை, ராக்கிராக்கி, பிஜி
15-8-1956

மரியாதைக்குரிய லாத்தாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பெருமையடிக்கப் போய் உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன். சிரித்த என் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

நாற்பத்தொன்று சரிதான் லாத்தா. உங்களுக்கா மறதி?

அடுத்தது: ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி, ஆறைக் கழித்தால் முப்பது.

உங்கள் சல்மா


சமபுலா
2-9-1956

சல்மாவுக்கு,

விடை சரி என்று நீ எழுதியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு ஜமீலாவைக் கூப்பிட்டு அதே கணக்கைக் கேட்டேன். "அரே, பதினாறு தானே!" என்றாள். நான் விடவில்லை. "உனக்கு என்ன தெரியும்? என் தங்கச்சியே சரின்னு எழுதியிருக்கா" என்று உன் கடிதத்தை நீட்டினேன். அவள் பதினாறோடு ஒன்பதைக் கூட்டி, இரட்டித்துக் காட்டினாள். பிறகு உன் கடிதத்தைப் படித்துவிட்டு, மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

கல்யாண வீட்டில் சிரித்தாய், பொறுத்துக்கொண்டேன். இது இரக்கம். நீயே கோடு போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்? தப்பைச் சரி என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்னொரு முறை இப்படிச் செய்தால் கணக்கும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

நீ அனுப்பிய கணக்குக்கு விடை எட்டு.

ஹமீதா


பினாங்கு ஆலை
9-9-1956

என் லாத்தாவுக்கு,

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உங்களைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு நான்தான் உண்மையைச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன். அன்று சிரித்ததைவிட, 'சரி' என்று எழுதியதுதான் எனக்கு அதிக அவமானமாக இருக்கிறது.

எட்டு தப்பு, லாத்தா. முப்பதோடு ஆறைக் கூட்டியிருக்க வேண்டும், நீங்கள் கழித்துவிட்டீர்கள். விடை பன்னிரண்டு. உங்கள் எட்டைக் கீழே எழுதிக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன், அந்த நாற்பத்தொன்றுக்கும் சேர்த்து. கோடு கோணலாக இருந்தால் பென்சிலைத் திட்டாதீர்கள். என்னைத் திட்டுங்கள்.

இந்தக் கணக்கு லேசானது இல்லை. ஓர் எண்ணின் பாதியோடு ஏழு சேர்த்தால் இருபது. தப்பாக வந்தாலும் அனுப்புங்கள். கோடு போட நான் இருக்கிறேன்.

சல்மா