மாடியில் டாக்டர் அறை

இன்று காலை கூட்டேரிப்பட்டில் பேருந்து நின்றபோது, வேகவைத்த மல்லாட்டை வாசனை ஜன்னல் வழியாக வந்தது. ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கினேன். திண்டிவனத்தில் ஆஸ்பத்திரிக்கு இறங்கும்வரை மடியிலேயே இருந்தது. சாப்பிடத் தோன்றவில்லை, மேடம்.

விழுப்புரத்திலிருந்து டூட்டிக்கு வரும் வழியில் நீங்கள் இதை வாங்கி வந்து, பழைய வார்டின் நடுவே கிடந்த நீள மேசையில் கொட்டுவீர்கள். நீங்கள் கேஸ் ஷீட் எழுதுவதும், நர்சுகள் நாங்கள் ஊசிமருந்து எடுத்து வைப்பதும், ஆயாம்மா சற்று உட்காருவதும் அங்கேதான். தலை நிமிர்ந்தால் எல்லாக் கட்டிலும் தெரியும். "சிஸ்டர், அந்தப் பெரியவரு ஒரு மாதிரியா மூச்சு வுட்டுக்கினு இருக்காரு, பாருங்க" என்பீர்கள், மல்லாட்டையை உரித்தபடியே.

புதுக் கட்டடத்தில் உங்களுக்கு மாடியில் அறை. எங்களுக்குக் கோடியில் கண்ணாடி அறை. ஆயாம்மாவுக்கு லிஃப்ட் பக்கத்தில் ஒரு பெஞ்சு. யாருக்கும் யார்மீதும் கோபமில்லை. ஆனால் பேச்சு நின்றுபோனது. எல்லாம் போன்தான்.

திருவாமாத்தூரிலிருந்து டெங்குவோடு வந்த அந்தப் பெண்ணுக்கு மதியம் பிரஷர் இறங்கியது. "மேடம், பிரஷர் கொஞ்சம் கம்மியா இருக்குது" என்றேன் போனில். "டிரிப்ஸ ஏத்திக்கினு இருங்க, வர்றேன்" என்றீர்கள். மறுபடி கூப்பிட்டேன். அதே பதில். நீங்கள் வந்தபோது அவள் கைகால் சில்லிட்டிருந்தது. பொழுது சாயும்வரை அந்தக் கட்டிலை விட்டு நீங்கள் நகரவில்லை. பிழைத்துக்கொண்டாள்.

அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னீர்கள்: "போன்ல எல்லாமே ஒரே மாதிரிதான் கேக்குது சிஸ்டர். உங்க மொகத்தப் பாத்திருந்தா ஓடி வந்திருப்பேன்."

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் 'கொஞ்சம்' என்ற சொல்லை நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாளே ஒரு மேசையை இறக்கச் சொல்லி, வார்டு வாசலில் உட்கார்ந்துவிட்டீர்கள். மேனேஜர் வந்து, "டாக்டர் நடையில உக்காந்திருந்தா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்றார்.

"டாக்டர் இருக்காங்கன்னு நெனப்பாங்க."

சிரிக்காமல் சொன்னீர்கள். ஆயாம்மாதான் சிரித்தார்.

போன மாதம் தூக்கத்திலேயே உங்கள் இதயம் நின்றுவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் டூட்டியில் இருந்தேன். போட வேண்டிய ஊசிகளைப் போட்டேன். அடுத்த சிஸ்டரிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். உங்கள் வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றுவரை அழுகை வரவில்லை.

மேசையை எடுத்துவிட்டார்கள். புது டாக்டர் மாடி அறையில் இருக்கிறார். நல்லவர்தான். வார்டில் யாருக்காவது முடியாமல் போனால், இன்னொரு சிஸ்டரைக் கட்டிலருகே நிறுத்திவிட்டு நான் படியேறிப் போகிறேன்.

"ஒரு போன் பண்ணா போதுமே சிஸ்டர், எதுக்கு ஏறி வர்றீங்க?" என்று நேற்று கேட்டார்.

கதவருகே நின்றேன். அவர் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடக்கூட இல்லை, எழுந்துவிட்டார்.