கட்டிபட்ட வானமும் அம்மாவின் நேர்த்திக் கூழும்

என் உயிரான அம்மாவுக்கு,

முடிந்துவிட்டது அம்மா. நீங்கள் நாளும் பொழுதும் விசாரித்த என் கணினிக் கணக்கின் ஓட்டம் இந்தமுறை கடைசிவரை நிற்காமல் ஓடிவிட்டது. திரையைப் பார்த்ததும் கை தானாகவே மோர்டனில் உள்ள உங்கள் வீட்டுக்கு அழைக்கப் போனது. நீங்கள் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. மேசையிலேயே கவிழ்ந்து அழுதேன்.

"என்ரை மகள் கம்ப்யூட்டருக்குள்ளை வானம் காய்ச்சுறாள்" என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்வீர்களே. பெரிய பிழையில்லை. விண்மீன் மண்டலங்கள் கூட்டமாய் இருக்கும் இடத்தில், அவற்றுக்கிடையே கடும் சூடான வாயு நிறைந்திருக்கிறது. அது ஒரே சீராய் இல்லை, அங்கங்கே கட்டிபட்டிருக்கிறது. கட்டிகள் கூடுதலாய் ஒளிர்வதால், சீராய் இருக்கிறது என்று நம்பிக் கணக்கிட்டால் உள்ளதைவிட அதிக வாயு இருப்பதாய்த் தோன்றிவிடும். அந்தக் கட்டிகளைக் கணினியில் உருவாக்கிப் பார்ப்பதுதான் என் பாடு.

இதைக் கேட்டுவிட்டு, "வடிவாய்க் கிண்டிவிடன் பிள்ளை, கரைஞ்சுபோம்" என்றீர்கள். கரைந்தால் என் வேலையே போய்விடும் என்றேன். கூழைக் கட்டி கட்டியாய் விட்டால் யார் குடிப்பது என்று கேட்டு நீங்களே சிரித்தீர்கள்.

ஓட்டம் நடுவில் நின்று நின்று என்னை வதைத்தபோது, என்னிடம் சொல்லாமலே புனித அந்தோனியாருக்கு நேர்த்திக்கடன் வைத்தீர்கள். ஓட்டம் நல்லபடி முடிந்தால் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லாருக்கும், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். கணினிக்காக நேர்த்தி வைத்த தாய் வேறு யாராவது இருப்பார்களா?

ஆஸ்பத்திரியிலும் அதே கவலை. "நான் போனால் நேர்த்தியை ஆர் பிள்ளை தீர்க்கிறது?" என்று கேட்டீர்கள். நான் உங்கள் தலையணையைச் சரிசெய்தேன். நான் தீர்ப்பேன் என்று சொன்னால் நீங்கள் போவதற்குச் சம்மதித்தது போலாகிவிடுமே.

நீங்கள் இல்லாத துயரமும் சீராய்ப் பரவவில்லை அம்மா. ரயிலில், வேலையில் சமாளித்துவிடுகிறேன். நேற்றுத் தமிழ்க் கடையில் ஒடியல் மாவைக் கையில் எடுத்தேன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அண்ணை கதிரையை இழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அடுத்த ஓட்டம் தொடங்குகிறது. இனி அதற்கு யார் நேர்த்தி வைப்பார்கள்?

ஞாயிறு பூசை முடிய, உங்கள் பெரிய பானையோடு கோயில் மண்டபத்தில் நிற்பேன். உறைப்புக் கூடலாம், புளி குறையலாம். வானத்தில் கட்டிகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். உங்கள் கூழில் ஒன்றும் விடமாட்டேன். வடிவாய்க் கிண்டுவேன் அம்மா.

உங்கள் நேர்த்தியைக் கையேற்ற
மூத்த மகள்