மார்கழியில் வெட்டிய ஹைட்ரேஞ்சியா

பிரியமுள்ள அப்பா,

ஹைட்ரேஞ்சியா பூத்துவிட்டது. ஒன்பது தலைகள், ஒவ்வொன்றும் சின்னக் காலிஃபிளவர் அளவு. நீலம்தான். ஏற்காட்டில் செடி விற்றவன் உங்களிடம் பொய் சொல்லவில்லை.

ரிஷிவந்தியத்து மல்லித் தோட்டத்தை விற்றுவிட்டு வெள்ளிமலைக்கு என்னோடு இருக்க வந்தபோது நீங்கள் கொண்டுவந்தவை இந்தச் செடியும் கவாத்துக் கத்தரியும்தான். மார்கழி பிறந்ததும் மல்லிக்குச் செய்வது போலவே தண்ணீரை நிறுத்தி, முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலையையும் உருவினீர்கள். மல்லி புதுத் தளிரில் பூக்கும். இது போன வருஷத்துக் குச்சியில் பூக்கும். நீங்கள் வெட்டிப் போட்ட ஒரு நுனி மொட்டை, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு எடுத்துப்போய், பிளேடால் பிளந்து நுண்ணோக்கியில் பார்த்தேன். சித்திரையில் விரிய வேண்டிய பூங்கொத்து, கடுகைவிடச் சின்னதாக, உள்ளே இருந்தது.

சொன்னேன். சித்தப்பா வந்திருந்த அன்று.

"அம்பது வருஷமா மல்லிய வெட்டிக்கினு கீறேன். எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றீர்கள்.

"டீச்சருக்கு எல்லாம் பொஸ்தகத்துலயே பூக்கும்ண்ணா, வுடு" என்று சிரித்தார் அவர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "பூக்காத வூட்டுல இன்னா செடி வச்சா இன்னா?" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். குழந்தை பிறக்கவில்லை என்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிய மகளிடம். சித்தப்பாவின் சிரிப்பே பாதியில் நின்றுபோனது.

அதன்பின் மூன்று மார்கழிகள். மூன்றிலும் நீங்கள் வெட்டுவதை வாசற்படியில் நின்று பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

அதற்கடுத்த மார்கழியில் கத்தரியோடு செடியருகே உட்கார்ந்துவிட்டீர்கள். என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏம்மா, படிச்சவ நீ. எங்க தப்பு பண்றேன்னு சொல்லு. ஒரு தபா பூத்துப் பாத்துட்டா போதும் எனக்கு."

அந்தக் குரலை உங்களிடம் அதுவரை நான் கேட்டதில்லை. செடியில் ஆறு நுனிகள் உள்ளே பூவை வைத்துத் தடித்திருந்தன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"தெரியலப்பா. இன்னும் கொஞ்சம் கீழ வச்சி வெட்டுங்க."

கத்தரியை அழுத்த உங்களுக்குப் பலமில்லை. நானும் பிடித்துக்கொண்டேன். ஆறும் விழுந்தன. மாசியில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள்.

போன மார்கழியில் வெட்ட ஆளில்லை. அதனால்தான் இந்தப் பூ. போன வாரம் சித்தப்பா வந்தார். "அண்ணன் கை வச்ச செடி, அதான் இப்டி பூத்துகீது" என்று கண்ணைத் துடைத்தார்.

"அந்தக் கைதான் இத்தனை வருஷம் பூக்க வுடாம வச்சிருந்தது, சித்தப்பா."

என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ அன்னிக்குச் சொன்னது நெசமா? அண்ணன் அப்பறம் உன்ன கேக்கவே இல்லியா?"

"கேக்கல" என்றேன்.

உங்களை வீம்புக்காரராகவே அவர் நினைவில் விட்டுவிட்டேன். வருத்தமாக இருக்கிறதா எனக்கு? தேடிப் பார்க்கிறேன், தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். ஆனி முடிவதற்குள், வாடிய தலைகளை மட்டும், அவற்றுக்குக் கீழே இருக்கும் முதல் மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே வெட்டிவிடுவேன். அதற்குப் பிறகு கத்தரி அந்தப் பக்கம் போகாது. வருஷா வருஷம் பூக்கும். உங்கள் படத்துக்கு மட்டும் ஒன்றுகூட வைக்கமாட்டேன். வைத்தால் நான் மன்னிப்புக் கேட்டதாக ஆகிவிடும். முதலில் கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள்.

உங்களுக்குப் பிறந்த ஒரே பெண்