விட்டத்தின் வலப்பக்கம்

வட்டவடை
14.05.2025

அன்புள்ள ஹஸ்னா,

உங்கள் கோபாலபுரத்திலிருந்து திரும்பி வந்த காலிப் பெட்டிகளைக் கழுவினேன். ஒன்றின் அடியில் கரி படிந்த ஒரு கயிறு கிடந்தது. எங்கள் அடுப்புக்கு மேலே விட்டத்தில் பூண்டு தொங்கவிடும் கயிறு அது. இரட்டை முடிச்சு. விதைப்பூண்டுக்கு மட்டும்தான் அம்மா இரட்டை முடிச்சுப் போடுவாள்.

போன புதன்கிழமை அப்பாவும் அம்மாவும் கேரட் பிடுங்கப் போயிருந்தார்கள். எங்கள் பூண்டுக்கும் கோஸுக்கும் உங்கள் தக்காளி, கடலை என்று நம் இரண்டு ஊர்ச் சேகரிப்பு மையங்களும் பேசிக்கொண்டபடி அனுப்ப, எங்கள் பக்கம் இரண்டு பெட்டி பூண்டு குறைந்தது. பெட்டி ஏற்ற வந்த ஜோஜோ அண்ணன் பிக்கப் வண்டியிலிருந்து ஹாரன் அடித்தார். "ஏ வனிதா, ஊமக்கோட்டான் மாதிரி நிக்காத. இருக்கா, இல்லையா?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு ஓடி, விட்டத்தின் வலப்பக்கத்துக் கொத்துகளை இறக்கிக் கொடுத்துவிட்டேன். வலப்பக்கம் விற்பனைக்கு, இடப்பக்கம் விதைக்கு. எப்போதும் அப்படித்தான். கூரை ஒழுகியதால் அம்மா இரண்டையும் இடம் மாற்றியிருக்கிறாள். அவசரத்தில் நான் முடிச்சைப் பார்க்கவில்லை. புகை ஏறினால் எல்லாப் பூண்டும் ஒரே நிறம்தானே.

இப்போது மீதி இருப்பது அழுகல் விழுந்த கீழ்ப்பாத்தியின் பூண்டு. தின்னலாம். நட்டால் முளைத்து மடியும். ஜூன் மழைக்கு நட வேண்டிய விதை உங்கள் ஊரில் இருக்கிறது.

விற்கவில்லை என்றால் ஒதுக்கி வை. போனில் பேச எனக்கு வராது, உனக்குத் தெரியும். வீட்டில் இன்னும் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

உன்
வனிதா

கோபாலபுரம்
20.05.2025

அன்பு வனிதாவுக்கு,

உன் கடிதம் முட்டைக்கோஸ் பெட்டியில் நனைந்து வந்தது. வெயிலில் காயவைத்துப் படித்தேன். பூண்டு வந்த அன்றே தீர்ந்துவிட்டது, வனிதா. புகை வாசனைக்கு அடித்துப் பிடித்து வாங்கிப் போனார்கள்.

வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் சைக்கிளில் போய் வந்தேன். நாச்சம்மாள் அக்கா ஊறுகாயே போட்டுவிட்டார். "ஏங்கண்ணு, வித்த பூண்டத் திருப்பிக் கேக்கறவள இப்பத்தான் பாக்கறேன். வேணும்னா ஜாடியோட எடுத்துட்டுப் போ" என்று சிரித்தார். சுப்பாத்தாள் அம்மாவிடம் மட்டும் ஒரு கொத்து இருந்தது. அதை உங்களுக்கு வரும் தக்காளிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மேட்டுப்பாளையத்து விதை வாங்கித் தரட்டுமா என்று அத்தா கேட்கிறார். உங்கள் மழைக்குத் தாங்குமா?

இன்னொன்றை நான் சொல்லியே நீ தெரிந்துகொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை இங்கே மையத்தின் கூட்டம். அடுத்த பருவத்தில் உங்கள் பூண்டை இரண்டு மடங்காகக் கேட்பது, அதற்கு ஈடாக இங்கே நிலக்கடலை கூடுதலாக விதைப்பது என்று முடிவாகிவிட்டது. விதையே இங்கே வந்து தீர்ந்துவிட்டது என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம். அத்தா என்னைக் காட்டி, "எம் மக புடிச்ச சிநேகிதம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் சொல்லிவிட்டாயா?

உன்
ஹஸ்னா

வட்டவடை
27.05.2025

அன்புள்ள ஹஸ்னா,

கொத்து வந்தது. ஒரு பாத்திக்குக்கூடப் போதாது. ஒரு வாரமாக அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். மேட்டுப்பாளையத்து விதை வேண்டாம் என்று அத்தாவிடம் சொல். முன்பு எங்கள் ஊர்ச் சந்துரு வீட்டில் அதை நட்டு, மழையில் எல்லாம் அழுகிப்போனது. பக்கத்து வீடுகளில் அவரவர் நடுவதற்கே விதை சரியாக இருக்கிறது.

சனிக்கிழமை அப்பா பார்த்துவிட்டார். அம்மாவைத்தான் பிடித்தார். "எடத்த மாத்துறேன்னு எலிக்கு விருந்து வச்சுட்டியாடி?" என்று கத்தினார். "எலி கயித்தையுமா திங்கும்?" என்றாள் அம்மா. கயிறு என் பாய்க்கடியில் இருந்தது. நான் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

இன்று காலை எங்கள் மையத்து மோகனசுந்தரம் அண்ணன் நீங்கள் கேட்ட இரண்டு மடங்குப் பட்டியலோடு வந்தார். அப்பா அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "வெதையே இல்லாமப் பூண்டா? ரிசார்ட்டுக்கார ஜிபி டூரிஸ்டுக்கு டெண்டு போட நம்ம பூண்டு போடுற மேட்டு நெலத்தக் கேட்டுக்கிட்டே இருக்கான். திங்கக்கெழம குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டுருவேன்" என்றார். டெண்டு வந்தால் பாத்திகளை நிரவிவிடுவார்கள். மூன்று நாளாக அம்மா அவரோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாள்.

நான் சொன்னாலும் விதை வராது, ஹஸ்னா. சொல்லாவிட்டால் பழி அம்மா தலையில். எட்டாம் வகுப்போடு நின்ற என்னை நம்பிப் பெட்டி கட்ட விட்டார்கள். இனி விடுவார்களா தெரியாது. இனி வரும் பெட்டிகளில் என் கடிதம் இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதே. நாளைக்கு என்னைப் பெட்டி கட்ட விடாவிட்டாலும் இது உனக்கு வந்துசேர, ஜோஜோ அண்ணனிடம் இப்போதே கொடுத்துவிடப் போகிறேன்.

அப்பா இன்னும் வரவில்லை. சோற்றை இறக்கி வைத்துவிட்டு, நீ அனுப்பிய கொத்தை அந்தக் கரிக்கயிற்றால் கட்டினேன். இரட்டை முடிச்சு. அப்பா சாப்பிட உட்காரும் பலகையின் மேல் வைத்தேன்.

வனிதா