ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

1986 ஜூன் 9, ருவைஸ்

ராக்கம்மா அக்கா வீட்டுக்காரர் அழகுமலை மச்சான் வந்து சேர்ந்துவிட்டார். ஸ்டோர் வேலை என்று சொல்லி விசாவுக்கு அலைந்தது நான். இங்கே ஃபோர்மேன் அரபியில் "ஸ்டோர் மாஃபி", ஸ்டோர் வேலை கிடையாது என்று பைப் லைனில் நிறுத்திவிட்டான். மச்சான் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எரிச்சல். நாலு திட்டுத் திட்டினால் என்னவாம்?

ஜூன் 24

ஆபீஸ் ஏசியில் ஸ்வெட்டர் போட்டு டைப் அடிக்கிறேன்.

வெல்டிங் சோதிக்க வந்திருக்கும் ஐஸ்லாந்துக்காரன் ஹெல்கி ஜன்னலோரம் நின்று சிரித்தான். வெளியே நீல வானம், பளபளவென்று கடல். "க்ளுக்கவெதுர்" என்றான். அவன் ஊரில் எல்லாரும் புழங்குகிற சொல்லாம். க்ளுக்கி ஜன்னல், வெதுர் வானிலை. உள்ளேயிருந்து பார்க்க அழகு. வெளியே போனால் குளிர்காற்று தோலை உரித்துவிடும்.

இங்கே குளிருக்குப் பதில் வெயில், அவ்வளவுதான். நானும் சிரித்தேன். பிறகு பார்த்தால் நேர் எதிரே மச்சான், தலையில் துண்டோடு பைப் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஜூலை 11

அந்தச் சொல்லை ஹெல்கியிடம் திரும்பக் கேட்டேன். பழைய காலத்தில் க்ளுக்கி என்றால் வெளிச்சத்துக்கு விட்ட வெறும் ஓட்டையாம். அப்போ உள்ளே இருந்தவனுக்கும் அதே காற்றுதானே அடித்திருக்கும்? கண்ணாடி வந்த பிறகுதான் இப்படி ஒரு சொல் பிறந்திருக்க முடியும்.

மச்சானைப் பற்றியும் சொன்னேன். ஸ்டோருக்கு மாற்ற மேனேஜரிடம் பேசுகிறேன் என்றான்.

ஜூலை 30

மச்சான் சாப்பிடவில்லை. கால் இழுக்கிறதாம். லீவு போடச் சொன்னேன். "வந்ததுமே படுத்துட்டான்னு பேரு வரும் மாப்ளே" என்கிறார்.

ஆகஸ்ட் 6

போயிட்டாரு. மத்தியானம், பைப் மேலயே சாஞ்சு — நான் பாத்தேன். ஜன்னல் வழியா பாத்தேன். சித்த இளைப்பாறுறாருன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டு டைப் அடிச்சிருக்கேன், பாவி.

ஆகஸ்ட் 7

ரிப்போர்ட்டில் வெயில் என்று வேண்டாம், மாரடைப்பு என்று போடச் சொன்னார்கள். டைப் அடித்ததும் நான்தான்.

ஆகஸ்ட் 10

ஹெல்கி வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சானை ஸ்டோருக்கு மாற்ற நேற்றுத்தான் மேனேஜர் சம்மதித்தாராம், ஆள் செத்தது தெரியாமலே. இன்று அங்கே வேறு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான்.

செப்டம்பர் 2

உடம்பு ஊர் போய்ச் சேர்ந்து காரியமெல்லாம் முடிந்துவிட்டது. இன்று டிரங்க் கால் கிடைத்தது. அக்கா போஸ்டாபீஸில் காத்திருந்தாள். அழுவாள், என்னைக் கேட்பாள் என்று பயந்துகொண்டே பேசினேன்.

"ஏன்டா தம்பி, அவுக பாத்த வேலை இன்னும் காலியாத்தான இருக்கு? கொழுந்தன் பொன்னுச்சாமி பாஸ்போர்ட் எடுத்துட்டான்."

பைப் லைனில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.