நேபாளத்தின் மூன்றாவது ஆட்டம்

ஆடுகோடி, பெங்களூரு
28.06.2023, புதன்கிழமை

அன்புள்ள பிரகாஷுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் வீணாவும் சுகமாக இருக்க வேண்டும். கடிதம் எழுதும் முறைப்படி அடுத்த வரியில் எங்கள் நலத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இன்று அந்த வரியைத் தாண்டிப் போகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். வாட்ஸப்பில் என்ன வந்தாலும் எனக்கு முன்னால் அவர்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிறார். ஆகவே காகிதத்தில் எழுதி, எதிர்வீட்டு ரக்ஷிதாவின் போனில் படம் பிடித்து வீணாவுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் படித்த பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்து நான் ஊட்டிய தமிழ் அது. எழுத்தைப் பெரிதாகப் போடுகிறேன். அவசரப்படாமல் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அப்பா ஆட்டோவிலேயே என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "பிரகாஷுக்கு என் உடம்பப் பத்தி ஒரு வார்த்த போகக் கூடாது. புது வேலைல சேந்து மூணு மாசம்தான் ஆவுது. டிசம்பருக்கு டிக்கெட் போட்டிருக்கான் இல்ல, அப்பவே வரட்டும்" என்றார். நானும் சரி என்றேன். கொடுத்த வாக்கை மீறுகிறவள் இல்லை நான். இந்தக் கடிதத்தில் பந்தாட்டத்தைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன். அதைப் பற்றி எழுதாதே என்று அவர் சொல்லவில்லை.

நம் கண்டீரவா ஸ்டேடியத்தில் தெற்காசிய நாடுகளின் கால்பந்துப் போட்டி நடக்கிறது. குவைத்தும் லெபனானும் விருந்தாளிகளாக வந்து ஆடுகின்றன. வீணாவுக்கு இதெல்லாம் பழக்கமில்லை, அவளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எட்டு நாடுகளை நாலு நாலாகப் பிரித்து இரண்டு குரூப். ஒவ்வொரு நாடும் தன் குரூப்பில் இருக்கும் மற்ற மூன்றோடும் ஆட வேண்டும். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மேலே போவார்கள், மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதில் ஒரு விசேஷம் உண்டு. முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்று, இனி மேலே போக வழியே இல்லை என்று ஆகிவிட்டாலும், மூன்றாவது ஆட்டத்தை ஆடித்தான் ஆக வேண்டும்.

ஒரு உதாரணம். என் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். முழுப் பரீட்சையில் கணக்கிலும் அறிவியலிலும் அவள் தேற மாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் கடைசி நாள் சமூக அறிவியலுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரி, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஏம்மா வந்தாய் என்று கேட்டேன். "சும்னே, சும்மா வந்தேன் மிஸ். எல்லாரும் வராங்க இல்ல?" என்றாள். இந்தக் கதையை அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். "டீச்சருக்குப் பெல் அடிச்சாச்சு, எல்லாரும் நோட்ட எடுங்க" என்று கேலி செய்தார். அதனால் அவரிடம் பாதியில் நிறுத்தியதை உன்னிடம் முடித்துக்கொள்கிறேன்.

நம் குரூப்பில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், குவைத். முதல் நாள் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடியதை டி.வி.யில் பார்த்தோம். விசா தாமதமாகி, பாகிஸ்தான் ஆட்கள் அன்றைக்குத்தான் ஊர் வந்து சேர்ந்தார்களாம். நாலு கோல் வாங்கினார்கள். எதிர்வீட்டு மஞ்சுநாத் கத்திய கத்தலில் தெரு நாய்கள் எல்லாம் எழுந்துகொண்டன. அப்பா சத்தமே போடவில்லை. "பஸ்ல இருந்து எறங்கி வந்தவன ஓடச் சொன்னா எப்படி ஓடுவான்?" என்று மட்டும் சொன்னார். அவர் எப்போதும் கோல் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். கோட்டோரம் கொடி பிடித்துக்கொண்டு ஓடுகிறவரைத்தான் பார்ப்பார்.

வீணா, உன் மாமனார் பகலெல்லாம் ஓசூர் ரோடு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டங்களில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவர். பள்ளி ஆட்டத்தில் உன் வீட்டுக்காரன் அடித்த ஒரே கோலுக்கும் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கியவர். பிரகாஷ் ஒரு வாரம் வீட்டில் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. "ரெஃபரி சார், சாப்பிட வாங்க" என்பான். அவரும் முகத்தை மாற்றாமல் வந்து உட்காருவார். இவ்வளவு நேர்மையாக இருந்தும் ஒரு ஃபைனலுக்குக்கூட அவரைப் போட்டதில்லை. "எனக்கு விழறதெல்லாம் செத்த மேட்ச்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். யார் ஜெயித்தாலும் ஒன்றும் மாறப்போவதில்லை என்கிற ஆட்டத்துக்கு அவர்களுக்குள் அப்படி ஒரு பெயர். இந்த வயதில் எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

முதல் ஆட்டத்தில் குவைத்திடம் தோற்ற நேபாளம், சனிக்கிழமை இந்தியாவிடமும் தோற்றது. பாகிஸ்தான் குவைத்திடம் தோற்றது. இரண்டு நாடுகளுக்கும் கதை முடிந்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் ஆட வேண்டும். சாயங்காலம் இந்தியாவும் குவைத்தும்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சுநாத் வந்து, சாயங்கால ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்து ஆட்டோவில் கூட்டிப் போகிறேன் என்றார். அப்பா மத்தியான ஆட்டம்தான் வேண்டும் என்றார். மஞ்சுநாத்துக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏன் சார், தமாஷ் பண்றீங்களா? இண்டியாவ வுட்டுட்டு யாராவது இதப் பார்ப்பாங்களா? அது அப்பவே முடிஞ்சு போச்சு சார். ரெண்டு பேரும் சும்னே ஓடப் போறாங்க" என்றார். அதற்கு அப்பா, "அதுக்குத்தாம்பா. கூட்டம் இருக்காது, கால நீட்டி உக்காரலாம்" என்றார். மஞ்சுநாத் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சரி என்று தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை எப்படிப் போனீர்கள், அன்று ஆஸ்பத்திரி நாள் ஆயிற்றே என்று நீ கேட்பாய். இப்போது செவ்வாய்க்கிழமைகள் எங்களுக்குக் காலியாக இருக்கின்றன. போன தடவை டாக்டர் அடுத்த தேதி போடவில்லை. இனிமேல் அலைய வேண்டாம்மா, பிடித்ததைக் கொடுத்து வீட்டிலேயே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆகவே மேட்சுக்குப் போக நேரம் கிடைத்தது.

கிளம்பும்போது அவர் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். ஆணியை அடுப்பில் காய்ச்சிக் குத்தினேன். போன மாதம் போட்ட ஓட்டைக்கு இரண்டு விரல் தள்ளி இது. பெல்ட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன், வேறு எதைப் பற்றியும் இல்லை.

ஸ்டேடியம் காலியாகத்தான் இருந்தது. மேலே ஏற வேண்டாம் என்று முதல் வரிசையிலேயே உட்கார்ந்தோம். லேசான தூறல். வாசலில் அப்பா ஆசைப்பட்டு சுருமுரி வாங்கினார். இரண்டு பொரியை வாயில் போட்டு வெகு நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "காரம் ஜாஸ்தி, நீ சாப்பிடு" என்றார். காரமே இல்லை. பிளாஸ்கில் கொண்டுபோன ராகிக் கஞ்சியை நாலு மடக்குக் குடித்தார்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது ஐம்பது நேபாளிகள் கொடியும் மேளமுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கேம்ராஜ். பின்தெரு அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கிறாரே, அவர்தான். யூனிஃபார்ம் இல்லாமல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. அப்பா அவரைச் சீண்டினார். "என்னப்பா கேம்ராஜ், உங்க டீம்தான் அவுட் ஆயிடுச்சே, மேளம் யாருக்கு?" என்று கேட்டார். கேம்ராஜ் சிரித்துக்கொண்டே, "அவுட்டுதான் முனியப்பா அங்கிள். நம்ம பசங்க இவ்ளோ தூரம் வந்திருக்காங்க. மொதல் ரெண்டு மேட்சுக்கு சூப்பர்வைசர் லீவு குடுக்கல. இன்னிக்கு, குடுத்தா குடு, இல்லன்னா வேலையே வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். இது ஒண்ணுதான அங்கிள் பாக்கி? திரும்ப எப்ப வருவாங்களோ" என்றார்.

அப்பா மைதானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் சுருமுரிப் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அவர்கள் ஆடியதைப் பார்த்தால் ஒன்றும் மாறப்போவதில்லை என்று யாரும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை போலிருந்தது. விழுந்து எழுந்து ஓடினார்கள். எங்கள் பக்கத்து லைன்ஸ்மேன் ஒவ்வொரு தடவையும் கோட்டின் கடைசி வரைக்கும் ஓடினார். அப்பா முன்னால் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை கொடி தூக்கியதும் "கரெக்ட்!" என்று தொடையில் தட்டினார். "திட்டறதுக்குக்கூட ஆள் வராத மேட்ச் இது. எப்பிடி ஓடறான் பாத்தியா?" என்றார். அந்த ஒன்றரை மணி நேரம் அவர் ஒரு தடவைகூட வயிற்றில் கை வைக்கவில்லை.

முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். நேபாளம் ஒரு கோல் அடித்தது. கேம்ராஜ் கூட்டம் உலகக் கோப்பையே கிடைத்ததுபோல் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். நின்றவர், நான் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பவில்லை. யாருமே இல்லாத இடது பக்கம் திரும்பி, "பாத்தியாடா?" என்றார்.

சின்ன வயதில் நீ எப்போதும் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருவாய்.

கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "கேம்ராஜச் சொன்னேன்" என்றார். கேம்ராஜ் எங்களுக்கு வலது பக்கம் இருந்தார். நான் ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நீ போன் செய்தாய். மேட்ச் நன்றாக இருந்தது, சாப்பாடு இறங்குகிறது, கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது என்று அவர் உன்னிடம் சொன்னதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ரிப்போர்ட் வந்ததும் சொல்லுங்கள், அதைப் பார்த்துவிட்டு முன்னால் வருவதா என்று முடிவு செய்கிறேன் என்று நீ கேட்டாய். "இன்னும் வரலடா, இங்க எல்லாமே லேட்டு" என்றார். அவர் உன்னிடம் சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பிரகாஷ், கேம்ராஜ் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு வரவில்லை. ரிசல்ட் சனிக்கிழமையே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அப்புறம் படுத்துக்கொண்டே இந்தியாவின் ஆட்டத்தையும் டி.வி.யில் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த கடைசி நேரத்தில் நம் பிள்ளை ஒருவன் காலில் பட்டுப் பந்து நம் வலைக்குள்ளேயே போய்விட்டது. மஞ்சுநாத் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்பா, "வுடுப்பா. காப்பாத்தத்தான் ஓடி வந்தான். அவன் மேல தப்பு இல்ல" என்றார். உன்னையும் அவர் அப்படித்தான் நினைப்பார். நீ டிசம்பரில் வந்தாலும், எப்போது வந்தாலும், உன்னை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார். குறை சொல்கிற மனிதராக இருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது.

புது வேலையில் லீவு கேட்பது கஷ்டம் என்று தெரியும். வீணா, டிக்கெட் தேதியை மாற்ற முடியுமா என்று நீயே விசாரி. அவன் யோசித்துக்கொண்டே இருப்பான், உனக்குத்தான் சட்டென்று முடிவெடுக்க வரும். பிரகாஷ், இதை அப்பா சொல்லி நான் எழுதவில்லை. உன் அம்மாவுக்காகக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். நேற்று ஸ்டேடியத்திலிருந்து வெளியே வரும்போது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் குள்ளம். அவர் ரொம்பக் குனிய வேண்டியிருந்தது, பத்தடிக்கு ஒரு தடவை நின்றார். மஞ்சுநாத்தைக் கூப்பிடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். உன் தோள் அவருக்குச் சரியான உயரம். ஆடுகோடி மைதானத்தில் சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அதுவரைக்கும் அவரை நடத்திக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

சாமான் எதுவும் வாங்கி வர வேண்டாம். கனமில்லாமல் வா. வழியில் ஒரு தடங்கலும் இல்லாமல் நீ வாசலில் வந்து நிற்க வேண்டும். சீக்கிரம் வந்து சேர், கண்ணா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா
யசோதா